போனில் பார்ட் அனுப்பாதீர்கள்: பரோக் கொயர் நடத்த வருகிறவர்களுக்கு

அக்டோபர் பிறந்தால் போதும், பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் கேரல் சர்வீசுக்குப் பிராக்டிஸ் தொடங்கிவிடும். இப்போது கொயர் நடத்த முன்வருகிறவர்களில் பலர் இளைஞர்கள். ஹாண்டல், பாக், விவால்டி என்று ஆசையோடு வருகிறார்கள். பரோக் காலத்துத் (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய) திருச்சபை இசையையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் "ஒரு நாள் வந்து கேளுங்களேன்" என்று கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தால், இளவயதில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக நடக்கின்றன.

நேரத்துக்கு வருவது, ஸ்கோரில் (இசை எழுதிய தாளில்) முகத்தைப் புதைக்காமல் பாடுகிறவர்களைப் பார்ப்பது, பாடுவதற்கு முன் குரலைப் பதப்படுத்துவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அல்லேலூயாவில் தொடங்குவது

புதிதாகப் பொறுப்பேற்ற எல்லோருக்கும் முதல் வருடமே ஹாண்டலின் 'மேசியா' என்ற பெரிய படைப்பில் வருகிற அல்லேலூயா கோரஸ் வேண்டும். சபையார் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், கொயருக்கும் மெட்டு காதில் இருக்கிறது. அதனாலேயே யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. சொப்ரானோ என்கிற மேல் குரல் வரிசை நீண்ட ஸ்வரங்களில் படிப்படியாக ஏறுகிற இடம் வந்ததும் சுருதி சரியத் தொடங்கும். அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஆல்டோ, டெனர், பாஸ் என்ற மூன்று பார்ட்டும் (குரல் வரிசையும்) திடமாக இருக்க வேண்டும். முதல் வருடக் கொயரில் அது இருக்காது.

கோரலில், அதாவது சபையார் பாடுகிற ஜெர்மன் ஞானப்பாட்டு மெட்டில் தொடங்குங்கள். நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற 'இரத்தம் காயம் குத்தும்' பெரிய வெள்ளிக்கு நம் ஊர்களில் எல்லோரும் பாடுவதுதான். அதன் மெட்டு ஹாஸ்லர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டிலிருந்து வந்தது. பாக் தன் 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பில் அதை ஐந்து இடங்களில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சுருதி மாறுகிறது, முதல் இரண்டு இடங்களைத் தவிர, சொல்லுக்கேற்ப இசைவும் மாறுகிறது. மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் கொயரின் கவனம் முழுக்கக் கீழ் பார்ட்டுகளின் மேல் போகும். நாலு பார்ட்டும் ஒரே நேரத்தில் அசைவதால் ஒருவரையொருவர் கேட்கப் பழகவும் இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இசை நமக்கு அந்நியம் என்று கூச்சப்படாதீர்கள். பாக்கும் ஹாண்டலும் 1685-இல் பிறந்தவர்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் 1682-இல் பிறந்தவர், ஹாண்டலின் சொந்த ஊரான ஹாலேயில் படித்தவர். நம் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் 1680-இல் பிறந்தவர். எல்லோரும் ஒரே தலைமுறை. அந்தக் காலத்துக் கோரல் மெட்டுகள் தமிழ்ச் சொல்லோடு நம் பாமாலையில் இன்றும் இருக்கின்றன.

கூட்டம் சேர்ப்பது

"எண்பது பேர் சேர்ந்தால்தான் ஹாண்டல் எடுபடும்" என்று ஒரு நம்பிக்கை. மேசியாவை ஹாண்டல் 1741-இல் எழுதினார், 1742 ஏப்ரல் 13-இல் டப்ளினில் முதலில் பாடப்பட்டது. லண்டனில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் 1754-இல் நடந்தபோது கோரஸில் இருந்தவர்கள் 19 பேர், அதில் ஆறு பேர் சிறுவர்கள். ஹாண்டல் இறந்து இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டி விழா எடுத்தார்கள். பிரம்மாண்டமாக, மெதுவாக, முழு சத்தத்தில் பாடுகிற வழக்கம் அதற்குப் பிறகு வளர்ந்தது. பாக் 1730-இல் லைப்சிக் நகர மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் ஒரு கொயருக்குக் குறைந்தது 12 பேர், 16 இருந்தால் நல்லது என்றுதான் கேட்கிறார்.

நாலைந்து பேர்தான் இருக்கிறார்களா? பாக்குக்கு முந்தைய ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூட்ஸ் 1636-இலும் 1639-இலும் 'சிறிய ஆவிக்குரிய கச்சேரிகள்' என்று இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். முப்பதாண்டுப் போரில் ஜெர்மன் தேவாலயக் கொயர்கள் சிதைந்து கிடந்த காலம். ஒன்று முதல் ஐந்து குரலும் ஒரு ஆர்கனும் இருந்தால் பாடிவிடலாம் என்பதற்காகவே எழுதியவை. ஒரு சிறிய சேகரத்துக்கு (திருச்சபை வட்டாரத்துக்கு) அவை வரப்பிரசாதம்.

பார்ட்டைப் போனில் அனுப்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நான் தொடங்கிய காலத்தில் கேசட்டில் பதிவு செய்து வீட்டுக்கு வீடு கொடுத்தோம். இப்போது வாட்ஸ்அப். கருவி மாறியிருக்கிறது, விளைவு அதேதான்.

சில வருடங்களுக்கு முன், தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சபை. கொயரை நடத்தியது மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வுகள் முடித்த, நல்ல காது உள்ள ஒரு தம்பி. மேசியாவிலிருந்து இரண்டு கோரஸ் எடுத்திருந்தார். சொப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் கம்ப்யூட்டரில் செய்த பயிற்சி ஒலி கிடைத்தது, அனுப்பிவிட்டார். டெனருக்கும் பாஸுக்கும் அது கிடைக்கவில்லை, பழங்கால வாத்தியங்களோடு பாடிய ஒரு நல்ல குழுவின் பாட்டில் அவரவர் பார்ட்டைத் தூக்கலாக வைத்த யூடியூப் இணைப்பை அனுப்பினார். "கேட்டுப் படிச்சிட்டு வாங்க, கடைசி மூணு வாரம் சேர்ந்து பாடிக்கலாம்" என்பது ஏற்பாடு.

முதல் பிரச்சினை சுருதி. பழங்கால வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் மேல் 'ஏ' ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் வைப்பார்கள். நம் கீபோர்ட் 440. ஏறத்தாழ அரைக்கட்டை வித்தியாசம். வீட்டில் அரைக்கட்டை இறக்கிப் பாடி ருசி கண்ட டெனர்களுக்கு, கோயிலில் உச்ச ஸ்வரம் ஒவ்வொன்றும் தொண்டையை இறுக்கியது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒன்று இறக்கினால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். நாகர்கோவிலிலிருந்து வரவழைத்த வயலின்கள் 440-க்குச் சேர்த்தவை. அவற்றை என்ன செய்வது?

இரண்டாவது வேகம். கம்ப்யூட்டர் ஒலி ஒரே சீராக நடந்தது. வாத்தியக் குழுவோ துள்ளி ஓடியது. ஆக, ஒரே கொயருக்குள் இரண்டு வேகம் ஊறிப்போயிருந்தது.

இவற்றைக்கூடச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது மூன்றாவது. 'கர்த்தரின் மகிமை வெளியரங்கமாகும்' என்ற கோரஸில் ஆல்டோ தனியாகத் தொடங்கும், மற்றவர்கள் பதில் சொல்வதுபோல் உள்ளே வர வேண்டும். ஆல்டோ பாடி முடித்தது, அவ்வளவுதான், யாரும் வரவில்லை. மறுபடி தொடங்கினார், மறுபடியும் அமைதி. வயதான டெனர் அண்ணாச்சி ஒருவர் எழுந்து கேட்டார்: "தம்பி, போன்ல எங்க சத்தம்தான தூக்கலா இருக்கு. இவங்க பாடுதது காதுலயே விழலியே. நாங்க யாரப் பாத்து எடுக்கது?"

அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருக்கிறது. பரோக் கோரஸில் உங்கள் முதல் ஸ்வரம் பக்கத்து வரிசைக்காரர் விட்ட ஸ்வரத்திலிருந்து கிடைக்கும். அல்லேலூயாவில் 'அவர் என்றென்றைக்கும் அரசாளுவார்' என்ற பகுதியை பாஸ் தொடங்கும், பிறகு டெனர், ஆல்டோ, சொப்ரானோ. ஒருவர் சொன்னதை அடுத்தவர் வாங்கிச் சொல்கிற அமைப்பு அது. வாங்குவதற்கு எதிரில் ஆள் வேண்டும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் படித்தவருக்கு, இத்தனை விநாடி கழித்து நான் வர வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான் மனதில் நிற்கும்.

கேரல் சர்வீஸ் அன்று கீபோர்ட் வாசித்தவர் பதற்றத்தில் சற்று மெதுவாகத் தொடங்கிவிட்டார். பாஸ் வரிசை போனில் ஊறிய வேகத்திலேயே போனது. நடுப்பகுதிக்குள் இரண்டு வரிசை ஒரு பக்கம், இரண்டு வரிசை இன்னொரு பக்கம். கோயில் நிறைய ஜனம் எழுந்து நிற்கிறது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து.

வயலின்காரர்களுக்குக் கொடுத்த பணம் போனது சின்ன விஷயம். அடுத்த வருடம் அந்த டெனர் அண்ணாச்சியும் அவரோடு இருந்தவர்களும் கொயருக்கு வரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தில் ஸ்வரம் எழுதும் முறை) வாசிக்கத் தெரியும். பழைய கொயர் மாஸ்டர்களிடம் முறையாகப் படித்தவர்கள். ஒரு தாளில் சோல்ஃபா எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே நின்று பாடியிருப்பார்கள். யாரும் கேட்கவே இல்லை. அவர்களிடம் இருந்த படிப்பை மதிக்காமல், போனில் வந்ததைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்க வைத்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் நாளே இரண்டு பார்ட்டைச் சேர்த்துப் பாட வையுங்கள். பாஸும் சொப்ரானோவும் முதலில், ஏனென்றால் பரோக் இசையின் எலும்பு அந்த இரண்டு வரிதான். பிறகு ஆல்டோ, டெனர். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் முறை) தெரியாதவர்களுக்கு அதன் கீழேயே சோல்ஃபா எழுதுங்கள். இரவெல்லாம் உட்கார வேண்டியிருக்கும், உட்காருங்கள். ஒவ்வொரு வரிசையும் உள்ளே வருகிற இடத்தில், "ஆல்டோவின் கடைசி ஸ்வரமே உங்கள் முதல் ஸ்வரம்" என்பதுபோல் பென்சிலில் குறிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பியுங்கள், முடிவு எப்போதும் தெரிந்த இடமாக இருக்கும். ஸ்வரம் வருவதற்கு முன் சொல்லைத் தாளத்தோடு பேச வையுங்கள்.

போனை ஒரே ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து பாடிய பிராக்டிஸைப் பதிவு செய்து, பிழைகளோடு அப்படியே அனுப்புங்கள். வீட்டில் கேட்கும்போது மற்ற மூன்று வரிசையும் காதில் விழும்.

இலவசமாகக் கிடைத்த ஸ்கோரை அப்படியே நம்புவது

ஐ.எம்.எஸ்.எல்.பி., சி.பி.டி.எல். என்ற இரண்டு இணையதளங்களிலும் ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாளர்கள் உரக்க, மெல்ல, இழுத்து என்று தங்கள் விருப்பத்தை நிறையச் சேர்த்திருக்கிறார்கள். 1902-இல் வந்த மேசியாவின் பிரௌட் பதிப்பில் ஹாண்டல் எழுதாத வாத்தியப் பகுதிகளே உண்டு. பாக்குக்கு 1851 முதல் 1899 வரை வந்த பாக் சங்கப் பதிப்பு கிடைக்கும். மேசியாவுக்கு முடிந்தால் வாட்கின்ஸ் ஷா பதிப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

ஓட்டங்களில் 'ஹ' போடுவது

'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' கோரஸில் ஒரே அசையில் நீள ஓடுகிற இடங்கள் உண்டு. ஸ்வரம் தெளிவாக விழ வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் 'ஹ' சேர்த்து, ஹஹஹஹ என்று சிரிப்பதுபோல் பாட வைக்கிறார்கள். மூச்சு பாதியிலேயே தீர்ந்துவிடும். கர்நாடக சங்கீதம் படித்தவர் கொயரில் இருந்தால் அவரை முன்னால் நிறுத்தி, அகார சாதகத்தை ('ஆ' என்றே ஸ்வரங்களைப் பாடும் பயிற்சியை) மூன்று காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அதுதான் மருந்து. கீர்த்தனை பாடிப் பழகிய குரலில் கமகம் தானாக வரும். இங்கே ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்காமல் நேராகப் போய் நிற்க வேண்டும் என்பதை மட்டும் அன்போடு நினைவுபடுத்துங்கள்.

கீபோர்டில் 'ஸ்டிரிங்ஸ்' ஒலி

ஆர்கன் அல்லது ஹார்ப்சிகார்ட், வேறு எதுவும் வேண்டாம்.

எல்லா இடத்திலும் மூன்றாகவே அடிப்பது

மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் வாக்கியம் முடியும் இடங்களில் ஹெமியோலா வரும். மூன்று மூன்றாக இருந்த இரண்டு தாளக்கட்டு, இரண்டு இரண்டாக மூன்று துண்டாகப் பிரியும். எண்ணிக்கை அதே ஆறுதான், அழுத்தம் விழும் இடம் மாறுகிறது. 'கர்த்தரின் மகிமை' கோரஸில் இது தெளிவாகக் கேட்கும். கை மட்டும் மூன்று மூன்று என்று அடித்துக்கொண்டே போனால், பாடுகிறவர்கள் சொல்லின் அழுத்தத்தையும் உங்கள் கையையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்புவார்கள். அந்த இடங்களை ஸ்கோரில் முன்கூட்டியே கோடிட்டு, இரண்டு இரண்டாகக் கைதட்டிப் பேச வைத்துவிட்டுப் பிறகு பாட வையுங்கள். நம் ஆட்களுக்கு லயம் ரத்தத்திலேயே உண்டு, ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கடைசி வாரம் சொல்வது

ஆராதனை முறை அவர் பொறுப்பு. என்ன பாடப்போகிறீர்கள் என்று ஒரு மாதம் முன்பே போய்ச் சொல்லுங்கள்.

இருக்கிற வேலையை விட்டுவிட்டு வருவது

"முழுநேரமும் இதுதான்" என்று பள்ளி வேலையை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் பெரும்பாலான சபைகளில் கொயர் மாஸ்டருக்குக் கிடைப்பது பெயரளவுக்கு ஒரு தொகை, அல்லது சால்வை. அதைக் குறையாக எண்ணி மனம் கசந்து போகாதீர்கள். பாக்கே லைப்சிக்கில் கல்யாணம், அடக்க ஆராதனை வருமானத்தை நம்பியிருந்தவர். 1730-இல் நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில், காற்று நன்றாக இருந்து சாவு குறைந்ததால் முந்தைய வருடம் நூறு தாலருக்கு (அந்தக் காலத்து ஜெர்மன் நாணயம்) மேல் வருமானம் போயிற்று என்று எழுதுகிறார். பள்ளியில் பையன்களுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பும் அவருக்கு இருந்தது.

பள்ளி இசை ஆசிரியர் வேலையையோ கிரேடு வகுப்புகளையோ பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலத்தைக் கொயருக்கென்று எழுதி வைத்து, அன்றைக்குக் கல்யாண வீட்டு வாசிப்பு எவ்வளவு பணத்துக்கு வந்தாலும் மறுத்துவிடுங்கள். டிசம்பரோடு கொயரைக் கலைக்காதீர்கள். ஜனவரியில் ஒரு கோரல், லெந்து (தவக்கால) நாட்களில் இரண்டு, உயிர்த்தெழுதலுக்கு ஒன்று, அறுப்பின் பண்டிகைக்கு ஷூட்ஸின் சிறிய துண்டு ஒன்று. இப்படி மூன்று வருடம் தொடர்ந்து படித்த பன்னிரண்டு பேர் உங்களிடம் இருந்தால், அப்புறம் அல்லேலூயா ஸ்கோரை எடுங்கள்.