கலிஃபோர்னியாவின் அரசமைப்பு ஆவணங்களை வாசிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்புச் சட்டம் உண்டு. அது உருவான கதையை ஆவணங்களில் தேடிப் பழக கலிஃபோர்னியா வசதியான இடம். அரசமைப்பை எழுத அங்கே மாநாடு கூடியதே இரண்டு முறைதான்.

1. முதலில் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1849 செப்டம்பரில் மான்டரே ஊரின் கோல்ட்டன் ஹாலில் 48 பேர் கூடி, ஆறே வாரத்தில் எழுதி முடித்தார்கள். கலிஃபோர்னியா மாநிலமானது அதற்கு அடுத்த ஆண்டுதான்! இரண்டாவது மாநாடு 1878-79இல் சாக்ரமென்டோவில் நடந்தது. 152 பேர், ஐந்து மாதம்.

2. விவாதத் தொகுப்பை இணையத்தில் ஸ்கேனாக எடுங்கள். 1849 விவாதங்களைப் பதிவு செய்தவர் ஜே. ராஸ் பிரவுன். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். நான் அப்படித் தொடங்கி நாலாம் நாளே மூடி வைத்தேன். ஒரே ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

உதாரணமாக, 1849 அரசமைப்பில் 11ஆம் பகுதியின் 14ஆம் பிரிவு. கல்யாணத்துக்கு முன்பே மனைவிக்கு இருந்த சொத்தும், பின்னால் கொடையாகவோ வாரிசாகவோ வருவதும் அவளுக்கே சொந்தம் என்கிறது அது. மெக்சிகோ ஆட்சியில் இருந்த ஸ்பானிய வழக்கம்தான் இது. மனைவியின் சொத்தைக் கணவன் கையில் விடும் ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் ஊறிய மாநாட்டு உறுப்பினர் சார்லஸ் பாட்ஸ் கடுமையாக எதிர்த்தார். இன்னோர் உறுப்பினர் ஹென்றி ஹாலெக் எழுந்து, தனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சபையில் உள்ள பிரம்மச்சாரிகள் எல்லாரும் இதை ஆதரிக்க வேண்டும், வசதியான பெண்கள் கலிஃபோர்னியாவுக்கு வர இதைவிட நல்ல தூண்டில் கிடையாது என்றார். பிற்பாடு லிங்கனின் தலைமைத் தளபதியானவர் இவர்தான். சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் இந்தச் சிரிப்பெல்லாம் கிடைக்காது.

3. அப்புறம் இரண்டு அரசமைப்புச் சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாநிலம் இயற்றும் சட்டங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வெளியிட வேண்டும் என்றது 1849. ஆங்கிலத்தில் மட்டுமே என்றது 1879. நடுவில் முப்பதே வருஷம்.

4. சட்டமன்ற அவைக்குறிப்புகளுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. அவற்றில் தீர்மானங்களும் வாக்கு விவரங்களும் இருக்கும், பேச்சுகள் இருக்காது. ஒரு சட்டம் ஏன் வந்தது என்று தெரிய, சாக்ரமென்டோவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சட்டமன்றக் குழுக்களின் கோப்புகளைத்தான் கிளற வேண்டும்.

சரி, கைப்பழக்கத்துக்கு ஒன்று: 1879 சட்டத்தின் 19ஆம் பகுதி. நிறுவனங்கள் சீனர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, 1952இல்தான் நீக்கினார்கள். அதன் விவாதம் மூன்று தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. ‘சைனீஸ்’ என்று மட்டும் தேடாதீர்கள், ‘மங்கோலியன்’ என்றும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். சட்ட வாசகத்திலேயே இரண்டு சொல்லும் இருக்கின்றன.