கியர் இல்லா ஸ்கூட்டர் கிளம்பும்போது உதறுகிறதா? கழற்றும் முன் வேகத்தைக் கவனியுங்கள்

சிக்னலில் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் வண்டி உதறிவிட்டுத்தான் நகர்கிறது என்று கடையில் சொன்னால், "பெல்ட், ரோலர் ரெண்டையும் மாத்திடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். மாற்றிய பிறகும் பல வண்டிகளில் உதறல் அப்படியே இருக்கும். கிளம்பும் நேரத்து உதறலுக்குப் பெல்ட் காரணமாக இருப்பது குறைவு. அது அநேகமாகப் பின்னால் இருக்கும் கிளட்ச்சின் வேலை. எந்த வேகத்தில் உதறல் வருகிறது என்பதை முதலில் சரியாகப் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் போன்ற 110, 125 சிசி வண்டிகள் எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றுதான். இடப்பக்கக் கவருக்குள் முன்னால் கிராங்க் ஷாஃப்டில் (எஞ்சினின் சுழலும் தண்டில்) வேரியேட்டர், அதாவது வேகத்துக்கேற்ப இடைவெளி மாறும் புல்லி; அதற்குள் ஆறு ரோலர்கள். அங்கிருந்து பெல்ட் பின்புற புல்லிக்குப் போகிறது. அந்தப் புல்லியோடு சேர்ந்தே மூன்று ஷூக்கள் (உராயும் பட்டை ஒட்டிய வளைந்த துண்டுகள்) உள்ள கிளட்ச் சுற்றும். எஞ்சின் வேகம் கூடக்கூட ஷூக்கள் விரிந்து, வெளியே இருக்கும் பெல்லை (கிண்ணம் போன்ற இரும்பு மூடியை) உள்ளிருந்து கவ்விச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தக் கவ்வல் சீராக இல்லாமல் பிடிப்பதும் வழுக்குவதுமாக மாறி மாறி நடந்தால், அதுதான் உதறல்.

இனி ஓட்டிப் பாருங்கள். சமமான சாலையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலேட்டரை மெதுவாகத் திறந்து கிளம்புங்கள். 5 முதல் 20 கி.மீ. வேகத்துக்குள் உதறி, 25-ஐத் தாண்டியதும் நின்றுவிட்டால் கிளட்ச். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு அது அதிகமானால் சந்தேகமே வேண்டாம். கிளம்பும்போது ஒழுங்காக இருந்து, 30-லிருந்து 50-க்குள் வெட்டி வெட்டி இழுத்தால் ரோலர், ஸ்லைடு பீஸ் (வேரியேட்டர் தகட்டில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டு), வேரியேட்டர் புஷ் (அதன் நடுவில் உள்ள குழல்). எல்லா வேகத்திலும் அதிர்வு இருந்து, ஆக்சிலேட்டரை விடும்போது கவருக்குள் பெல்ட் அடிக்கும் சத்தமும் கேட்டால் பெல்ட். மழைக்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் உதறிவிட்டுச் சரியாகிவிடுகிறதா? பெல்லின் உள்பக்கம் படிந்த ஈரமும் லேசான துருவும் அது. எதையும் கழற்ற வேண்டாம்.

கவரைத் தொடும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, நியூட்ரலே இல்லாத இந்த வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஓட விடுங்கள். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றுவது இயல்பு. பிரேக்கை லேசாகத் தொட்டதும் நிற்க வேண்டும். நிற்காமல் முரண்டு பிடித்தால் ஐடில் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இரண்டும் ஷூவைத் தேவையில்லாமல் உரச வைத்துக் கண்ணாடிபோல் பளபளக்க வைக்கும். மற்றொன்று, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இந்த வண்டிகளில் எஞ்சின் முழுவதுமே ரப்பர் புஷ்களில் தொங்குகிறது. புஷ் நைந்துபோனால் சின்ன உதறலும் ஃபுட்போர்டு வரை பெரிதாகத் தெரியும். ஆட்டம் இருந்தால் அது புஷ்ஷா, வீல் பேரிங்கா என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 மி.மீ. தலை கொண்டவை, நீளம் மாறும். ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான ஓட்டையில் திணித்தால் கேஸ் உடையும். உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஷூ பக்கமே வரக்கூடாது.

துடைக்கும் முன் எண்ணெய்க் கறை எங்கே என்று கவனியுங்கள். வேரியேட்டருக்குப் பின்னால் ஈரம் என்றால் கிராங்க் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). பின்புறம் அடியில் என்றால் கியர் பாக்ஸ் சீல். பெல்லைச் சுற்றி கிரீஸ் தெறித்திருந்தால் பின்புற புல்லியின் சீலும் ஓ-ரிங்கும் போய்விட்டன. எண்ணெய் குடித்த ஷூவைத் தேய்த்துப் பயனில்லை. சூடானதும் உள்ளிருந்து மறுபடி கசியும். சீலை மாற்றி, ஷூவையும் மாற்றுங்கள்.

பெல் நட்டைக் கழற்ற இம்பாக்ட் ரெஞ்ச் நல்லது. இல்லையென்றால் பெல்லைப் பிடிக்கும் ஹோல்டர் வேண்டும். பெல்லின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் அது அதிகச் சூட்டின் அடையாளம். நிறம் மட்டும் குற்றமில்லை. வட்டம் கெட்டிருக்கிறதா என்பதே முக்கியம். வெர்னியரால் நான்கு திசையில் உள்விட்டம் அளந்து பாருங்கள். 125 மி.மீ. பெல் 125.5-ஐ எட்டியிருந்தாலோ, அளவுகள் ஒன்றுக்கொன்று மாறினாலோ மாற்ற வேண்டியதுதான். நன்றாக இருந்தால் 120 நம்பர் எமரி தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுங்கள். ஒரே திசையில் வளையம் வளையமாகத் தேய்க்கக்கூடாது.

ஷூவின் லைனிங் (உராயும் பட்டை) 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் புது செட் போடுங்கள். அதற்கு மேல் இருந்தால் மூன்று ஷூக்களையும் ஒரே எண்ணிக்கைத் தடவை, மேல் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். இத்தோடு கவரை மூடிவிடுவதால்தான் பல வண்டிகளில் உதறல் ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. ஷூ ஆடும் பின்னை (அது மாட்டியிருக்கும் இரும்பு அச்சை) பாருங்கள். துருவேறி இறுகிய ஒரு ஷூ மற்ற இரண்டுக்கும் பின்தங்கி விரியும். அது ஒன்றே உதறலுக்குப் போதும். பின்னைச் சுத்தம் செய்து, அதிகச் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஷூவுக்கு அடியில் உள்ள சின்ன டேம்பர் ரப்பர்கள் கல்லாகியிருந்தால் புதிது போடுங்கள், விலை அற்பம். மூன்று ஸ்பிரிங்குகளையும் செட்டாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஷூக்கள் வெவ்வேறு நேரத்தில் கவ்வும்.

ஷூவைக் கழற்ற புல்லியின் நடுவே உள்ள பெரிய நட்டை எடுக்க வேண்டியிருந்தால் எச்சரிக்கை. அதற்கு அடியில் கனமான ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவியால் அழுத்திப் பிடிக்காமல் நட்டை விட்டால் முகத்தில் பாயும். திறந்துவிட்டீர்கள் என்றால் உள்ளே கைடு பின் ஓடும் பள்ளங்களைப் பாருங்கள். படிபோல் தேய்ந்திருந்தால் புல்லி ஒழுங்காகத் திறந்து மூடாது. புது சீல், ஓ-ரிங் போட்டு உள்ளே சுமார் 5 முதல் 7 கிராம் கிரீஸ் போதும். அதிகமானால் அது ஷூவுக்குத்தான் போய்ச் சேரும்.

முன்பக்கம் வேலை குறைவு. ரோலரில் தட்டையான முகம் விழுந்திருந்தாலோ, விட்டம் அரை மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தாலோ ஆறையும் ஒரே எடையில் மாற்றுங்கள். சில மாடல்களில் ரோலர் அறையில் கிரீஸ் உண்டு, சிலவற்றில் உலர்வாகவே ஓடும். மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்துப் பற்களின் அடியில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அகலம் புதிதைவிட 1 மி.மீ. குறைந்திருந்தால் காலம் முடிந்தது. அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைக் காட்ட வேண்டும்.

மூடும்போது நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. வேரியேட்டர் முகத்தை (விசிறி இறக்கைகள் உள்ள வெளித்தட்டை) போட்டு நட்டை இறுக்கும்போது பெல்ட் நடுவில் சிக்கினால், நட்டு இறுகியதுபோலவே தோன்றும். ஆனால் முகம் புஷ்ஷில் உட்கார்ந்திருக்காது. பெல்ட் நழுவியதும் நட்டு தளர்ந்து, கிராங்க் ஷாஃப்டின் பற்களே மழுங்கிவிடும். அதற்குப் பிறகு செலவு பல ஆயிரம். எனவே முதலில் பின்புற புல்லியை விரித்துப் பெல்ட்டை அதன் ஆழத்துக்குள் தள்ளுங்கள். முன்னால் பெல்ட் தொளதொளவென்று இருக்க வேண்டும். ஷாஃப்டின் பற்கள் முகத்தின் ஓட்டையில் முழுமையாகப் பொருந்தியதைக் கண்ணால் பார்த்த பிறகே நட்டை வையுங்கள். டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். முகத்தின் விசிறி இறக்கைக்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துப் பிடிக்காதீர்கள், உடைந்துவிடும்.

புது ஷூ முதலில் ஒரு பகுதியில் மட்டுமே பெல்லைத் தொடும். அதனால் முதல் 100 கி.மீ. வரை லேசான உதறல் இருக்கலாம். அந்தத் தூரத்துக்கு மேம்பாலச் சரிவில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதைத் தவிருங்கள். பிறகும் தவிர்ப்பது நல்லது. ஷூ பளபளப்பாவதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அதற்குப் பிறகும் உதறினால் மறுபடி திறந்து, ஷூக்களின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மூன்றிலும் கோடு ஒரேபோல் அழிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அழியாமல் இருந்தால் அந்த ஷூவின் பின்னும் ஸ்பிரிங்கும்தான் குற்றவாளி. மூன்றிலும் திட்டுத் திட்டாக அழிந்திருந்தால் பெல்லை மாற்றுங்கள்.