ஃபைன் ஆர்ட்ஸில் பெயர் கொடுக்கும் முன்: முதலாமாண்டில் நாங்கள் செய்த தவறுகள்

ராமநாதபுரத்தில் கல்லூரி சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். தங்கச்சிமடத்தில் ஏறி எனக்கும் சேர்த்து சீட் போடுகிறவன், பாம்பனில் ஏறும் நான், மண்டபத்தில் படிக்கட்டில் தொற்றிக்கொள்கிற ரெண்டு பேர். வகுப்பில் இதே நாலு பேர் ஒரு பெஞ்ச், கேன்டீனில் இதே நாலு டீ. கமுதி, சாயல்குடி, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயரே பாதி செமஸ்டர்வரை தெரியாது. மணியடித்ததும் அவரவர் ஊர் பஸ்ஸுக்கு ஓடுகிற கல்லூரியில் இப்படித்தான் ஆகும். இதை உடைக்கக் கையருகே இருப்பது நுண்கலை மன்றம், பேச்சுவழக்கில் ஃபைன் ஆர்ட்ஸ். அங்கேயும் போய் அதே நாலு பேர் ஒரே குழுவாகப் பெயர் கொடுத்தோம். முதல் தவறு அதுதான்.

நாலு பேருக்கும் பாட வராது என்பது தனிக்கதை. கிராமியக் குழுப்பாடல் போட்டிக்கு யூடியூப்பில் தேடி, எங்கோ வேறு மாவட்டத்துப் பாட்டு ஒன்றை எடுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். வீட்டில் என் தாத்தா அம்பா பாடுகிறவர். கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ‘ஏலேலோ ஐலசா’ என்று வாங்கிப் பாடுவார்களே, அந்தப் பாட்டு. அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. உண்மையைச் சொன்னால், வந்தது, தள்ளிவிட்டேன். மீன்காரப் பயல் என்று வகுப்பில் தெரிந்துவிடுமே என்கிற கூச்சம். கடலோரத்திலிருந்து வருகிற தம்பி தங்கைகளிடம் இன்றைக்கும் இந்தக் கூச்சத்தைப் பார்க்கிறேன். மேடையில் நீங்கள் மட்டுமே கொடுக்க முடிந்த ஒன்றைத்தான் அது முதலில் விழுங்கும்.

தமிழ்த்துறை ஐயா ஒருவர் திட்டிய பிறகு அம்பாவுக்கு மாறினோம். ஒத்திகையைப் போனில் பதிவுசெய்து தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“வலையில மீனே இல்லையாடா? ஏன் இந்த ஓட்டம் ஓடுறீங்க?”

அம்பாவுக்குத் தாளம் போடுவது கயிற்றின் பாரம். பாரம் கூடினால் இழுப்பு நீளும், இழுப்போடு பாட்டும் நீளும். நாங்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு பாடினோம், அதனால் ஓடியது. மறுநாள் மண்டபத்துக்காரன் வீட்டு வலைக்கயிறு ஒன்று வந்தது. அரங்கத்துப் பெஞ்சில் அதைக் கட்டி இழுத்தால் பெஞ்ச் எங்களோடு சறுக்கிக்கொண்டு வருகிறது. மைம் ஒத்திகைக்காகக் காத்திருந்த பி.காம். பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தோம். பத்து நிமிடம் சிரித்தார்கள். பதினோராவது நிமிடம், கமுதிக்காரன் ஒருவன் இறங்கி வந்து கயிற்றின் கடைசியைப் பிடித்தான். அவன் குரலில் ‘ஐலசா’ விழுந்தபோதுதான் அது பாட்டாக இருந்தது. கடலைப் பார்த்து வளர்ந்தவனே இல்லை அவன். மிளகாய்க் காட்டுப் பையன். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவன் அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறியது நாங்கள்தான்.

இதனால்தான் மேடை ஏறும் அந்த ஏழு நிமிடத்தையே கணக்காக வைக்காதீர்கள் என்கிறேன். பேச்சும் பழக்கமும் வளர்வது காத்திருக்கும் நேரத்தில். தன் ஒத்திகை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு மூன்று வருடமும் பஸ் கூட்டாளிகள் மட்டுமே மிச்சம். பாட, ஆடத் தெரியாவிட்டாலும் போங்கள். திரை இழுக்க, மைக் நீட்ட, ஒப்பனை டப்பாவைச் சுமக்க எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

எங்கள் மாவட்டத்தில் சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடல் ஈரத்தில் பறையின் தோல் தளர்ந்துவிடும். அடிக்கும் முன் நெருப்பு மூட்டி, காட்டிக் காட்டித் தட்டிப் பார்த்து, கணீரென்று வரும்வரை காய்ச்ச வேண்டும். அரங்கத்துக்குப் பின்னால் அந்த வேலையைச் செய்கிறவனை நெருப்போடு தனியே விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு மட்டும் ‘வாடா’ என்று கூப்பிடுகிற குழுக்கள் உண்டு. அதில் இருப்பது சாதிதான், வேறு பெயர் வைக்க வேண்டாம். நெருப்புப் பக்கத்தில் போய் உட்காருங்கள், ரெண்டு சுள்ளி எடுத்துப் போடுங்கள், அடியும் கேட்டுப் பழகுங்கள்.

பெண்பிள்ளைகள் இருக்கும் குழுவில் ஒத்திகைப் படத்தைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு படத்தால் ஒரு தங்கச்சி வாரக்கணக்கில் வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் நிறைய. ஒத்திகை நேரம் குறிக்கும்போதும் தொண்டிக்குக் கடைசி பஸ் எப்போது, ஏர்வாடிக்கு எப்போது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கலை காப்பாற்றாது. விழாவுக்காக வகுப்புக்கு வராததையும் வருகையாகக் கணக்கில் எடுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்தை முன்பே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, பார்க்கப் போகாமலே ஆட நினைப்பது. அரண்மனை ஸ்டாப்பில் இறங்கி ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் சேதுபதி மன்னர்களின் அரண்மனை மண்டபமான ராமலிங்க விலாசத்துக்குள் போயிருப்பார்கள்? சேதுபதி தர்பார், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், வெள்ளைக்காரர்கள் மன்னரைச் சந்திக்கும் காட்சி எல்லாம் சுவரில் ஓவியமாக இருக்கின்றன. நாடகத்துக்கு உடையும் நிற்கும் தோரணையும் தேடுகிறவர்களுக்கு அது நல்ல பாடம். புதிதாகப் பழகிய ஒருவரோடு போனால் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. ஊரில் மாவட்ட அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது; தவிலோ நாதஸ்வரமோ பழகுகிற நம் வயதுப் பிள்ளைகளை அங்கே போய்ப் பாருங்கள்.

பாட்டு சேகரிக்க எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், சித்தப்பாமார் வலையைச் சரிபார்த்துக்கொண்டு பேச்சுக்கு ஆள் தேடுவார்கள். போனை நீட்டும் முன் எதற்கு என்று சொல்லுங்கள், மேடையில் அவர்கள் பெயரையும் சொல்லுங்கள். நாங்கள் தாத்தா பெயரைச் சொல்லாமல் விட்டோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேட்டாள்.

அந்தக் கயிற்றையும் நாங்கள் திருப்பிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. ஒரு முனை அறுந்திருந்தது, நடுவில் பெயின்ட் கறை. அது நாடகச் சாமான் இல்லை, தொழில் சாமான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் மறுபடி கேட்கப் போனபோது மண்டபத்துக்காரனின் அப்பா டீ கொடுத்தார், படிப்பு விசாரித்தார், கயிறு இப்போது வீட்டில் இல்லையே தம்பி என்றார். கயிறு அவர் பின்னாலேயே, திண்ணையில், அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.