முட்டை ஓட்டுச் சுண்ணாம்பைக் கொண்டு பயோடீசல் தயாரித்தல்

தாவர எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து பயோடீசலாக மாற்றுவதற்கு வழக்கமாகச் சோடியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ வினையூக்கியாகப் பயன்படுகிறது. இவை மெத்தனாலில் கரைந்துவிடுவதால் மீட்க வழியில்லை. கழுவும் நீரோடு போய்விடும். முட்டை ஓடு, சிப்பி, நத்தைக்கூடு ஆகியவற்றைச் சுட்டால் கிடைக்கும் கால்சியம் ஆக்சைடு எனும் சுட்ட சுண்ணாம்போ பெரும்பாலும் திடப்பொருளாகவே இருந்து வினையை நடத்துவதால், அதை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். ஓட்டை முழுமையாகச் சுடுவதும், சுட்டதைக் காற்றுப்படாமல் காப்பதும் சரியாக அமைந்துவிட்டால் மீதி வேலை எளிது.

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட் உள்ளது. ஓட்டை வெந்நீரில் கழுவி, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, பொடியாக இடித்துக்கொள்ள வேண்டும். உட்புறச் சவ்வு சிறிது ஒட்டியிருந்தாலும் கேடில்லை, உலையில் எரிந்துவிடும். நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொடியை வெப்பம் தாங்கும் பீங்கான் மூசையில் இட்டு, மின்னுலையில் 900 டிகிரியில் 3 மணி நேரம் சுட வேண்டும். பொடி முதலில் கருகி, பின் சாம்பல் நிறமாகி, இறுதியில் தூய வெள்ளையாகும். நிறத்தை நம்புவதைவிட எடை போட்டுப் பார்ப்பதே மேல்: கார்பன் டை ஆக்சைடு முழுவதும் வெளியேறியிருந்தால் 100 கிராம் பொடி ஏறத்தாழ 55 கிராமாகக் குறைந்திருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால், நன்கு சுட்ட பொடி சூடாகிக் கரையும். அரைகுறையாகச் சுட்டது நுரைத்துப் பொங்கும்.

சுட்ட பொடி காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி, மெல்ல மெல்லப் பழையபடி கார்பனேட்டாகத் திரும்பத் தொடங்கும். எனவே ஓரளவு ஆறியதுமே இறுக மூடும் புட்டியில் அடைத்துவிட வேண்டும். இயன்றால் அன்றே பயன்படுத்துவது நல்லது. பொடி கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் என்பதால் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

எண்ணெயை 110 டிகிரி வரை சூடாக்கி ஈரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தைச் சமன்செய்ய 2 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவைப்பட்டால், அந்த எண்ணெய் சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் சோப்பாகிவிடும். பலமுறை பொரித்த எண்ணெயில் இத்தொல்லை மிகுதி; தொடக்கத்தில் புது எண்ணெயிலேயே பழகுவது நல்லது.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 500 மில்லிலிட்டர் மெத்தனாலும் 45 கிராம் பொடியும் போதும். இந்த மெத்தனால் வினைக்குத் தேவையானதைப் போல் நான்கு மடங்கு. முதலில் பொடியை மெத்தனாலில் அரை மணி நேரம் கலக்கி, அதன்பின் சூடான எண்ணெயைச் சேர்த்தால் வினை விரைவில் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். ஆகவே குடுவையின் மேல் நீர்க்குளிர்விப்பானைப் பொருத்தி, 60 முதல் 65 டிகிரிக்குள் 3 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றோடொன்று கலவாதவை, பொடியோ அடியில் படியக்கூடியது. கலக்கியின் வேகம் குறைந்தால் மூன்றும் தனித்தனியே நின்றுவிடும். மெத்தனால் ஆவி நச்சு, அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. சமையலறையில் செய்யத்தக்க வேலையன்று இது. தீச்சுடர் இல்லாத மின்சூடேற்றியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும்.

வினை முடிந்ததும் பொடியைச் சூட்டோடு வடிகட்டிவிட்டு, அதன் பிறகே மிகுதி மெத்தனாலை வாலைவடித்து மீட்க வேண்டும். பொடி இருக்கும்போதே மெத்தனாலை அகற்றினால் வினை பின்னோக்கித் திரும்பக்கூடும். மீதியைப் பிரிபுனலில் ஓர் இரவு விட்டால், வினையில் உடன் விளைந்த கனமான கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். சுண்ணாம்பு சிறிதளவு கரைந்து வந்திருக்கும் என்பதால், சிட்ரிக் அமிலம் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுவது பயன்தரும். ஐரோப்பியத் தரவிதியான இ.என். 14214, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கழுவியதை உலர்த்தி, 3 மில்லிலிட்டரை 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் கலந்து பார்க்கலாம்: தெளிவாகக் கரைந்தால் மாற்றம் நன்கு நடந்திருக்கிறது, அடியில் துளிகள் படிந்தால் மாறாத எண்ணெய் மீந்திருக்கிறது.

வடிகட்டிய பொடியை மெத்தனாலில் அலசி, ஆவி துளியும் இல்லாதபடி உலர்த்திய பின்னரே மீண்டும் உலையில் வைத்துச் சுட வேண்டும். மேலே படிந்த கிளிசரினும் எண்ணெயும் எரிந்து வீரியம் பெருமளவு திரும்பும். ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது கரைந்து போவதால், அடுத்த சுற்றில் குறையும் எடைக்குப் புதுப்பொடி சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.