லுஸ்ஸெகட்டர்: ஸ்வீடனின் குங்குமப்பூ பன்னை வறண்டு போகாமல் சுடுவது எப்படி?

டிசம்பர் 13 ஸ்வீடனில் லூசியா நாள். பொழுது விடியும் முன்பே, வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்பு நாடாவும் தலையில் மெழுகுவத்திக் கிரீடமுமாக லூசியா வேடத்தில் ஒரு பெண் முன்னால் வர, பாட்டோடு ஊர்வலம் கிளம்பும். 1927-ல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியாவைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தது. அதன் பிறகுதான் இந்த வழக்கம் நாடு முழுக்கப் பரவியது. அந்தக் காலையில் காபியோடு வைக்கிற பன்தான் லுஸ்ஸெகட்டர். மஞ்சள் நிறம், எஸ் வடிவம், இரண்டு சுருளின் நடுவிலும் ஒவ்வொரு திராட்சை.

இந்தப் பன்னைப் பற்றி ஸ்வீடன்காரர்களே சொல்லும் குறை ஒன்றுதான்: காய்ந்து போகிறது. குங்குமப்பூதான் மாவின் ஈரத்தை இழுத்துவிடுகிறது என்று பழியை அதன் மேல் போடுவார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. கையில் ஒட்டுகிறதே என்று மேலே மேலே தூவிய மாவும், அடுப்பில் கூடுதலாக விட்ட இரண்டு மூன்று நிமிடமும்தான். கீழே உள்ள செய்முறையில் பாதிக் கவனம் இந்த இரண்டின் மேல்தான்.

தேவையானவை (16 பன்னுக்கு)

மைதா 500 கிராம்
பால் 225 மில்லி
உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், தொட்டால் அமுங்கும் பதத்தில்
சர்க்கரை 90 கிராம்
குங்குமப்பூ அரை கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம்
உப்பு அரை டீஸ்பூன்
வடிகட்டிய கெட்டித் தயிர் 100 கிராம்
உலர் திராட்சை 32
மேலே பூச ஒரு முட்டை

தயிர் எதற்கு என்றால், ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். ஸ்வீடனில் க்வார்க் என்ற மிருதுவான தயிர்க்கட்டியைச் சேர்ப்பார்கள். அது கிடைக்காத இடத்தில், புளிக்காத தயிர் 250 கிராமைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் போதும். புளித்த தயிர் வேண்டாம், குங்குமப்பூவின் மணத்தை அமுக்கிவிடும். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் அமுக்கி அள்ளினால் மைதா எளிதாக 50, 60 கிராம் கூடிவிடும்.

முதல் வேலை குங்குமப்பூ

1 கிராம் டப்பா வாங்கினால் அதில் பாதி. இழைகளை அப்படியே மாவில் போட்டால் அங்கங்கே ஆரஞ்சுக் கோடு விழும், மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடக்கும். அதனால் அளந்து வைத்த சர்க்கரையில் ஒரு டீஸ்பூன் எடுத்து, குங்குமப்பூவோடு சின்ன உரலில் போட்டு நைஸாக இடியுங்கள். சர்க்கரையின் கூர்மையில் இழை சீக்கிரம் பொடியாகும். அளந்த பாலிலிருந்தே இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, வெதுவெதுப்பாக்கி, இந்தப் பொடியை அதில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். நிறத்தைத் தரும் குரோசின் தண்ணீரில் கரையக்கூடியது, வெண்ணெயில் நேராகப் போட்டால் நிறம் இறங்காது. ஸ்வீடனில் பலர் ஒரு கரண்டி வோட்காவிலோ பிராந்தியிலோ முதல் நாளே ஊற வைத்துவிடுவார்கள். அங்கே குங்குமப்பூ பெரும்பாலும் பொடியாகவே, அரை கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். இடிக்கும் வேலை மிச்சம்.

வாங்கியது அசல்தானா என்று பார்க்க, ஓர் இழையைத் தண்ணீரில் போடுங்கள். அசல் மெல்ல மெல்ல மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம். மஞ்சள்தூள் நிறத்தைக் கொடுக்கும், மணத்தைக் கொடுக்காது. அதற்கு இந்தப் பன்னையே சுட வேண்டியதில்லை.

பிசைதல்: அவசரப்பட்டு மாவு சேர்க்கும் இடம் இதுதான்

மைதாவில் 450 கிராமை மட்டும் பாத்திரத்தில் போடுங்கள். 50 கிராம் தனியே இருக்கட்டும். ஈஸ்ட்டையும் மீதிச் சர்க்கரையையும் கலந்து, மீதிப் பாலை வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். 37 முதல் 40 டிகிரி, விரலை விட்டால் சுடக் கூடாது. கொதிக்கக் காய்ந்த பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எத்தனை மணி நேரம் வைத்தாலும் எழும்பாது. குங்குமப்பூப் பால், தயிர், உப்பு எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள்.

வெண்ணெய் அதன் பிறகுதான், நாலைந்து துண்டாக, ஒன்று கலந்த பின் அடுத்தது. முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டு இழுவையே பிடிக்காது. வெண்ணெய் இறங்கியதும் மாவு வழவழவென்று பிரிந்து, கெட்டுப்போனது போல் தெரியும். உடனே மாவு டப்பாவைத் தேடாதீர்கள். ஐந்தாறு நிமிடம் பொறுத்துப் பிசைந்தால் தானே சேர்ந்து வரும். கையால் பிசைந்தால் வெண்ணெய்க்குப் பின் 10 நிமிடம் ஆகும், மெஷினில் ஆறேழு நிமிடம். அப்போதும் பாத்திரத்தில் வழிந்து கிடந்தால்தான் ஒதுக்கிய மைதாவை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பாதியாவது பெரும்பாலும் தேவைப்படும், முழுதும் தேவைப்படாமல் போகலாம்.

சரியான பதம்: பாத்திரத்தை விட்டு வரும், ஆனால் விரலில் லேசாக ஒட்டும். ஒரு சின்ன உருண்டையை இரு கையாலும் மெல்ல விரித்தால், கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவு சவ்வாக வர வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி கெட்டியாக உருண்டு நின்றால் மாவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு கரண்டி பால் விட்டு மறுபடி பிசைந்தால் சரிசெய்யலாம்.

மூடி வைத்து இரண்டு மடங்காகும் வரை விடுங்கள். 25 டிகிரியில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி ஆகும், வெக்கையான நாளில் முக்கால் மணியே போதும். எரிகிற அடுப்பின் பக்கத்தில் வைக்க வேண்டாம், வெண்ணெய் உருகிக் கசிந்துவிடும்.

சுருட்டுதல்

மாவை 16 பங்காக்குங்கள், ஒன்று 60 கிராம் சொச்சம் வரும். உருட்டி 10 நிமிடம் மூடி வையுங்கள். இந்த ஓய்வு கொடுக்காவிட்டால் கயிறாக நீட்டும்போது ரப்பர் போலப் பின்வாங்கும். பிறகு ஒவ்வொன்றையும் விரல் கனத்தில் 28 செ.மீ. நீளத்துக்கு உருட்டுங்கள். பலகையில் மாவு தூவாதீர்கள். மாவு இருந்தால் வழுக்கும், உருளாது. ஒரு முனையை மேல்நோக்கியும் மறு முனையை எதிர்ப்பக்கம் கீழ்நோக்கியும் சுருட்டிக்கொண்டே வந்தால் நடுவில் இரண்டும் சந்தித்து எஸ் நிற்கும். ரொம்ப இறுக்கினால் நடுச்சுருள் வேகும்போது கோபுரம் போல் எழும்பிவிடும். இதே மாவில் இரண்டு எஸ்ஸைக் குறுக்கே வைத்து வண்டிச் சக்கரம் போலவும், துணியில் சுற்றிய குழந்தை போலவும் செய்வது உண்டு. கை பழகும் வரை எஸ் போதும்.

தட்டில் நாலு செ.மீ. இடைவெளி விட்டு, மூடி, 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக, பாதி அளவுக்கு நிரம்ப வேண்டும். சட்டென்று நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும், அவசரப்பட்டால் பக்கவாட்டில் வெடிக்கும். குழி அப்படியே நின்றால் நேரம் மிஞ்சிவிட்டது. உடனே சுடுங்கள், சுருள் கொஞ்சம் பரந்து போகும், ருசிக்குக் குறைவில்லை.

இதற்கிடையில் திராட்சையை வெந்நீரில் 15 நிமிடம் ஊற வைத்துத் துடையுங்கள். காய்ந்ததைப் போட்டால் கருகிக் கசக்கும். முட்டையை ஒரு சிட்டிகை உப்போடு நன்றாக அடித்து, பிரஷ்ஷை விளிம்பில் வழித்துவிட்டு மெல்லிசாகப் பூசுங்கள். சுருளின் பள்ளத்தில் முட்டை தேங்கினால் ஆம்லெட் துணுக்கு மாதிரி வெந்து ஒட்டியிருக்கும். பூசிய பிறகு திராட்சையை விரலால் அடி வரை அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் மாவு உப்பும்போது வெளியே துள்ளி விழும்.

அடுப்பு

225 டிகிரி, நடுத் தட்டு, 6 முதல் 8 நிமிடம். எண் தப்பாக அச்சாகவில்லை. 180 டிகிரியில் 18 நிமிடம் என்று சாதாரண பன் போல் சுடுவதுதான் இதைக் காயவைக்கும் வழி. அதிகச் சூட்டில் மேலே நிறம் பிடித்து முடிவதற்குள் உள்ளே வெந்துவிடும், ஈரம் வெளியேற நேரம் இருக்காது. 20 நிமிடம் முன்பே அடுப்பைச் சூடாக்குங்கள். சூடேறும் கம்பி தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஓவனில் 210 டிகிரி வைத்து, தட்டை ஒரு படி இறக்குங்கள். ஐந்தாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். அடிப்பக்கம் இளம் பழுப்பானால் எடுத்துவிட வேண்டியதுதான். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93, 94 டிகிரி.

எடுத்தவுடன் கம்பித் தட்டில் வைத்து, சுத்தமான துணியால் மூடி ஆறவிடுங்கள், மேல்தோல் மெத்தென்று நிற்கும். அன்றே தின்பதுதான் நல்லது. மிஞ்சுவதை மறுநாள் வரை வெளியே வைக்காமல், கை பொறுக்கும் சூடு போனவுடன் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது வெளியே எடுத்து ஒரு மணி நேரம் விட்டு, 150 டிகிரியில் மூன்று நிமிடம் காட்டினால் போதும்.