வாரத்துக்கு எத்தனை தடவை தலைக்கு ஊற்றலாம்? அடிக்கடி நடக்கும் தவறுகள்

செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு என்று கிழமை வைத்துத்தான் செட்டிநாட்டு வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். வாரத்துக்கு 2 தடவை என்பது இன்றைக்கும் பலருக்குச் சரிவரும் கணக்குதான். அதையே வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி வைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. எண்ணெய் சுரப்பதும் வியர்ப்பதும் அரிப்பதும் மண்டைத் தோல். அந்தத் தோல் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும்.

குளித்த மறுநாள் சாயங்காலம் உச்சியில் வகிடு எடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் சற்று அழுத்திப் பாருங்கள். துணியில் எண்ணெய்க் கறை பளிச்சென்று தெரிந்தால் உங்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் தேவைப்படலாம். மூன்றாம் நாளும் கறை இல்லையென்றால் வாரத்துக்கு 1 தடவை போதும். பருவ வயதுப் பிள்ளைகளுக்கு எண்ணெய்ச் சுரப்பு மிகுதி. அவர்களை வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கச் சொல்வது முகப்பருவுக்கும் நல்லதல்ல. பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வாரம் 1 அல்லது 2 தடவை தாராளம். வயதான ஆச்சிகளுக்குச் சுரப்பு குறைந்துவிடும், வாரம் 1 தடவைக்கு மேல் ஊற்றினால் தோல் வறண்டு அரிக்கும். சுருட்டை முடிக்கும் அப்படித்தான்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெயிலில் அலைகிறவர்கள் தினமும் ஷாம்பு போட வேண்டியதில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அப்படியே. வெறும் தண்ணீர் விட்டு விரல் நுனியால் தேய்த்தாலே வியர்வை உப்பும் புழுதியும் போய்விடும்.

குளித்தால் முடி கொட்டுகிறது என்ற பயம்

தலைக்கு ஊற்றினால் கையோடு முடி வருகிறது என்று பயந்து நாளைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். சாதாரணமாகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிரும். ஏற்கெனவே வேரை விட்டுக் கழன்ற முடி மற்ற முடிக்குள் சிக்கி நிற்கும்; தேய்க்கும்போது அது மொத்தமாக வெளியே வருகிறது. ஆகவே ஒரு வாரம் கழித்துக் குளிப்பவருக்குத் தினம் குளிப்பவரை விடக் கை நிறைய முடி வருவது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கு 2, 3 மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். அப்போது ஷாம்புவையும் தண்ணீரையும் குறை சொல்லிப் பயனில்லை. உடம்பு தேறினால் முடி தானாக வளரும்.

பொடுகுக்கு எண்ணெய்

இதுதான் அதிகம் நடப்பதும் அதிகம் கெடுப்பதும். பொடுகு கண்டதும் "தலை காய்ந்துபோச்சு" என்று நல்லெண்ணெயை அப்பி இரவெல்லாம் விடுவார்கள். மண்டைத் தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. எண்ணெய் தங்கத் தங்கப் பொடுகு கூடும். பொடுகு இருக்கும்வரை தலையில் எண்ணெய் தங்கக் கூடாது, குளிக்கும் நாட்களையும் கூட்ட வேண்டும். பூஞ்சையை அடக்கும் மருந்தான கீட்டோகொனசோல் 2 சதவீதம் உள்ள ஷாம்புவை வாரம் 2 தடவை, 2 முதல் 4 வாரம் போடலாம். தோலில் படத் தேய்த்து 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டுத்தான் அலச வேண்டும். போட்ட உடனே அலசினால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே இல்லை.

பொடுகு இல்லாதவர்கள் எண்ணெய் தேய்ப்பதில் குற்றமில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். தோள் வரை நீளும் முடிக்கு 2 டீஸ்பூன் போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்தால் சரி. வழிய வழிய ஊற்றினால் அதை எடுக்க 3 தடவை ஷாம்பு போட வேண்டிவரும், அதில் முடிதான் வறளும்.

தண்ணீரைக் கவனிக்காமல் விடுவது

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்குப் பேர்போனது. குளியலறைக்கு வருவது பல வீடுகளில் போர் தண்ணீர். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா, ஷவர் துளை அடைக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் பால்போல் கலங்கினால் அது உப்புத் தண்ணீர்.

இந்தத் தண்ணீரில் தலைக்குச் சோப்புக்கட்டி போடவே கூடாது. தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். தலை அழுக்கு போகவில்லை என்று நினைத்து மறுநாளும் சோப்பே போடுவார்கள், படிவு இன்னும் கூடும். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், உப்பு குறையாது. காய்ச்சினால் ஒரு பகுதிதான் குறையும்.

கடைசி 2 சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தாலே வித்தியாசம் தெரியும். வளவு எனப்படும் வீட்டு நடு முற்றத்தில் ஓட்டிலிருந்து வழியும் மழைநீரை அண்டாவில் பிடிக்கிற வழக்கம் இதற்கு அருமையாகப் பொருந்தும். முதல் மழையை விட்டுவிடுங்கள், ஓட்டுத் தூசியெல்லாம் அதில்தான் வரும். பிடித்ததைத் துணி கட்டி மூடி வையுங்கள், டெங்கு கொசு சுத்தமான தண்ணீரிலும் முட்டையிடும். மழைநீர் இல்லாத மாதங்களில் ஒரு லிட்டர் தண்ணீரில் 1 டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து முடி நுனிகளில் ஊற்றி, பிறகு அலசலாம். தோலில் புண் இருந்தால் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், மங்கவைக்கும், சிக்கு விழவைக்கும். வேரோடு கொட்டவைக்கிறது என்று ஊரையே மாற்றத் தேவையில்லை.

சீயக்காயும் ஷாம்புவும் போடும் முறை

சீயக்காயில் உள்ள நுரைச்சத்து உப்புத் தண்ணீரில் சோப்பு போலத் திரிந்துபோகாது. அரவை மில்லில் கொடுக்கும்போது 1 கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம் அளவாக இருக்கும். அரைத்து வந்ததை மெல்லிய துணியில் சலியுங்கள். சலிக்காத பொடியின் திப்பி தோலைக் கீறும், முடியில் தங்கிப் பொடுகு போலவே தெரியும். இடுப்பு வரை முடி இருந்தால் 3 டேபிள்ஸ்பூன் எடுத்து, வடிகஞ்சியில் குழைத்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். கஞ்சி சேர்த்தால் கூடுதலாக 2 சொம்பு அலச வேண்டும். தங்கினால் காய்ந்து செதிலாக உதிரும்.

ஷாம்புவை நேராக உச்சியில் ஊற்றாதீர்கள். ஒரு டீஸ்பூன் ஷாம்புவைக் கால் மக் தண்ணீரில் கலந்து, முடியை நன்றாக நனைத்த பிறகு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சேர்த்துத் தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். நகம் படக் கூடாது. நுனிகளுக்கு வழிந்து வரும் நுரையே போதும்.

ஈரத் தலை

குளித்துவிட்டு முடியைத் துண்டால் பட் பட்டென்று அடித்து உதறும் வழக்கத்தை விடுங்கள். ஈர முடி இழுத்தால் நீளும், பிறகு அறுந்துவிடும். ஈரிழைத் துண்டைச் சுற்றி 10 நிமிடம் வைத்தால் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்று ஈரத்தோடு பின்னிப் பூ வைத்தால் உள்ளே புழுங்கி வாடை வரும், அரிப்பும் வரும். பின்னுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே குளித்துவிடுங்கள். சாம்பிராணிப் புகை மணத்துக்கு நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

குழந்தையின் தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்து செதிலும் தெரிந்தால் ஷாம்புவை மாற்றிக் காலம் கடத்தாதீர்கள். அது படர்தாமரையாக இருந்தால் மேலே பூசுவதில் தீராது, மாத்திரை வேண்டும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை முடியும்வரை அந்தப் பிள்ளைக்குத் தனிச் சீப்பு, தனித் துண்டு, தனித் தலையணை உறை.