நகரங்களின் தொற்று எண்ணிக்கையை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

இரண்டு நகரங்களின் தொற்று எண்ணிக்கையை ஒரே கிராஃபில் வரைவது இன்று ஐந்து நிமிட வேலை. கோடுகள் வந்த கையோடு ‘இந்த ஊர் சமாளித்துவிட்டது, அந்த ஊர் கோட்டை விட்டது’ என்ற தீர்ப்பும் வந்துவிடும். ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவர் மருத்துவரைப் பார்த்து, பரிசோதனை நடந்து, முடிவு பதிவேட்டில் ஏறி, ஏதோ ஒரு தேதியின் கீழ் எண்ணப்பட்ட பிறகுதான் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி உயர்கிறது. இந்தப் படிகள் ஊருக்கு ஊர் வேறு. ஒரே ஊரிலும் மாதத்துக்கு மாதம் மாறும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்தே கிளம்புகின்றன.

யாரை நோயாளி என்று எண்ணினார்கள்?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான்; பலர் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை. 2020 பிப்ரவரி 12-ஆம் தேதிக் கணக்கில் சீனாவின் ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய கோவிட் நோயாளிகளைச் சேர்த்தது. அவர்களில் 13,332 பேர், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் நுரையீரல் ஸ்கேனையும் அறிகுறிகளையும் வைத்துக் கண்டறியப்பட்டவர்கள். அதுவரை அப்படிப்பட்டவர்களை உறுதியான கணக்கில் சேர்க்கவில்லை. பெரும்பாலோர் வூஹான் நகரத்தவர். இந்தப் புதிய வரையறை ஹூபேவுக்கு மட்டுமே என்பதால், வூஹானையும் மாகாணத்துக்கு வெளியே உள்ள ஒரு நகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் ஒன்றில் மட்டும் செங்குத்தான சுவர் எழும். அன்று நோய் அப்படி வெடித்துவிடவில்லை, எண்ணும் விதி மாறியது.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவில் 1993-இல் எய்ட்ஸ் வரையறையை விரிவாக்கினார்கள். அந்த ஆண்டு பதிவான எண்ணிக்கை முந்தைய ஆண்டைப்போல இரு மடங்கைத் தாண்டியது. இங்கிலாந்தில் 2022 ஜனவரி 31 முதல் கோவிட் மறுதொற்றுகளையும் கணக்கில் சேர்த்தார்கள். எனவே ஒவ்வொரு நகரத்துக்கும் வரையறை மாறிய தேதிகளைத் தேடி எடுத்து, கிராஃபில் அங்கே ஒரு கோடு போடுங்கள். முன்னும் பின்னும் உள்ள பகுதிகளைத் தனித்தனித் தொடர்களாகவே நடத்துங்கள்.

பரிசோதனை கூடினால் எண்ணிக்கையும் கூடும்

இதைத் தெரியாதவர் குறைவு. ஆனால் அதற்கு மருந்தாகப் பலர் எடுக்கும் ‘பாசிட்டிவ் விகித’த்திலும் (சோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்று உறுதியானது என்பது) ஒரு பொறி இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் சோதிக்கும் நகரத்தில் அந்த விகிதம் உயர்ந்தே இருக்கும். வேலைக்குப் போகிற, பயணம் போகிற எல்லோரையும் சோதிக்கும் நகரத்தில் தாழ்ந்தே இருக்கும். அப்புறம், வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் கிட் பரவிய பிறகு வந்த முடிவுகளில் ஏராளமானவை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதற்கு முந்தைய அலையையும் பிந்தைய அலையையும் உயரம் வைத்து அளப்பது வீண்.

பழைய கொள்ளைநோய்களை ஆராய்ந்தவர்கள் இதனால்தான் நோயாளிகளைவிட இறப்புகளை நம்பினார்கள். 1918 இன்ஃபுளுவென்சாவை அமெரிக்க நகரங்களுக்கிடையே ஒப்பிட்ட ஆய்வுகள், வழக்கமான அளவுக்கு மேல் எத்தனை இறப்புகள் என்பதையே கணக்கிட்டன. வாராந்திர உச்சத்தில் பிலடெல்பியாவில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 257 கூடுதல் இறப்புகள்; செயின்ட் லூயிஸில் சுமார் 31. முதல் நகரம் நோய் நுழைந்த பிறகும் செப்டம்பர் 28 அன்று பெரிய ஊர்வலம் நடத்தியது. இரண்டாவது, நோய் தென்பட்ட சில நாட்களிலேயே பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடியது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. செயின்ட் லூயிஸில் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு இறப்புகள் மீண்டும் ஏறின என்பதைச் சொல்பவர்கள் குறைவு. உச்சத்தோடு ஒப்பீட்டை நிறுத்தினால் இந்த இரண்டாம் ஏற்றம் கண்ணிலேயே படாது. மொத்த இழப்பை எடுத்தாலும் செயின்ட் லூயிஸில்தான் குறைவு. ஆனால் இடைவெளி அந்த இரண்டு உச்ச எண்கள் காட்டும் அளவுக்கு இல்லை.

இறப்பை எடுத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது தொற்றுக்குச் சில வாரங்கள் பின்தங்கி வரும், மக்களின் வயதைப் பொறுத்தும் மாறும். முதியவர்கள் நிறைந்த நகரத்தையும் இளைஞர்கள் நிறைந்த நகரத்தையும் வயதுவாரியாகப் பிரிக்காமல் ஒப்பிடக் கூடாது.

ஒரு லட்சம் பேருக்கு எத்தனை?

மக்கள்தொகையால் வகுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த மக்கள்தொகை? நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களா, புறநகர்களும் சேர்த்தா? பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரம் சுற்றுவட்டார நோயாளிகளையும் ஈர்க்கும். நோயாளியைச் சிகிச்சை பெற்ற இடத்தில் எண்ணுகிறார்களா, வசிக்கும் இடத்திலா என்று தெரியாமல் வகுத்தால் மேலே ஒரு கூட்டமும் கீழே வேறொரு கூட்டமும் இருக்கும்.

சிறிய ஊர்களில் எண் தானாகவே துள்ளும். 40,000 பேர் வாழும் ஊரில் வாரத்துக்கு 2 பேர் என்பது 6 ஆனால், லட்சத்துக்கு 5 என்பது 15 ஆகிறது. ‘மும்மடங்கு’ என்று தலைப்புப் போடலாம். நடந்தது ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்குத் தொற்றியதாகவும் இருக்கலாம். தோராயமாகச் சொன்னால், ஓர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்காவது ஏற்ற இறக்கம் தற்செயலாகவே நடக்கும்: 400-க்கு 20, 4-க்கு 2. தொற்று கொத்துக் கொத்தாக வருவதால் நிஜத்தில் அதற்கும் மேல்.

வகுக்கவே வேண்டாத சமயமும் உண்டு. ஒரு நோய் புதிதாக நுழைந்த ஆரம்ப வாரங்களில் அது பெருகும் வேகத்துக்கும் ஊரின் மொத்த மக்கள்தொகைக்கும் நேரடித் தொடர்பு குறைவு. அப்போது மடக்கை அளவுகோலில் (1, 10, 100 எனப் பத்துப் பத்து மடங்காகும் எண்கள் சம இடைவெளியில் வரும் அளவுகோல்) கோட்டின் சாய்வைப் பாருங்கள். எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்பது அதில் தெரியும். உயரத்தை மட்டும் ஒப்பிட மடக்கை அளவுகோலைப் பயன்படுத்தாதீர்கள். பத்து மடங்கு வித்தியாசமும் அதில் அடக்கமாகத்தான் தெரியும்.

தேதிகள்

ஒரு நகரம் அறிகுறி தொடங்கிய தேதியையும் இன்னொன்று முடிவு பதிவான தேதியையும் பயன்படுத்தினால், இரண்டாவது சும்மாவே ‘தாமதமாகப் பாதிக்கப்பட்ட ஊர்’ ஆகிவிடும். விடுமுறை நாட்களில் பதிவு குறைந்து, பிறகு தேங்கியதெல்லாம் கொட்டும். ஏழு நாள் நகரும் சராசரி (ஒவ்வொரு நாளுக்கும் அதை ஒட்டிய ஏழு நாட்களின் சராசரி) இதைச் சமன்படுத்தும். பெரிய தேக்கத்தைச் சமன்படுத்தாது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பேரின் முடிவுகள் விடுபட்டன. காரணம், 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வடிவம். விடுபட்டதையெல்லாம் அடுத்த இரு நாட்களின் கணக்கில் சேர்த்தார்கள். பதிவான தேதிப்படி வரைந்தால் இல்லாத ஒரு சிகரம் அங்கே இன்றும் நிற்கும்.

வாரக் கணக்கும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. சர்வதேசத் தர வாரம் திங்களில் தொடங்குகிறது, அமெரிக்க நோய்க் கண்காணிப்பு வாரம் ஞாயிறில். 2020-இல் இரண்டிலும் 53 வாரங்கள். அதனால் அடுத்த ஆண்டோடு வார எண்ணை வைத்து அப்படியே பொருத்தினால் நாட்கள் நழுவும்.

டெங்கு போன்ற பருவகால நோய்களில் போன மாதத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முந்தைய பல ஆண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஓர் ஆண்டு போதாது. தடுப்பூசிக்கு முன், 1950-களின் லண்டனில் தட்டம்மை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிதாக வந்தது. அங்கே போன ஆண்டோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஓர் ஆண்டு பீதி, மறு ஆண்டு வெற்றி என்று மாறி மாறி எழுதவேண்டியிருக்கும். சுமார் 2.5 முதல் 3 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களில் தட்டம்மை தானாகவே அணைந்து, பிறகு வெளியிலிருந்து மீண்டும் வரும் என்பதையும் அக்காலத்திலேயே கண்டார்கள். அங்கே பூஜ்ஜியம் என்பது நல்ல நிர்வாகத்துக்கான சான்று அல்ல.

பூஜ்ஜியத்தையும், எண்ணே பதிவாகாத காலிக் கட்டத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், மென்பொருள் அதைத் தானாகச் செய்துவிடும். அப்புறம், கடைசி ஒன்றிரண்டு வாரங்களின் எண்கள் எப்போதும் முழுமையற்றவை. எல்லா நகரங்களும் ஒரே நேரத்தில் சரிவதுபோல் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பழைய எண்களையும் பிறகு திருத்துவார்கள் என்பதால், டேட்டாவை இறக்கிய தேதியைக் கிராஃபின் அடியிலேயே எழுதிவையுங்கள்.